லுட்விக் குட்மன்: தண்டுவடக் காயமும் திடீர் இரத்த அழுத்த உயர்வும்

கழுத்திலோ மார்பின் மேற்பகுதியிலோ தண்டுவடம் காயமுற்ற ஒருவரை நீங்கள் வீட்டில் பராமரித்து வரலாம். அல்லது நீங்களே அவ்வாறு காயமுற்றவராக இருக்கலாம். ஒரு நாள் மாலை திடீரென்று தலை வெடித்துவிடுவது போல வலிக்கிறது. முகமும் கழுத்தும் சிவந்து வியர்வை வழிகிறது. கால்களோ குளிர்ந்து, வெளுத்து, மயிர்க்கூச்செறிந்து காணப்படுகின்றன. மூக்கு அடைக்கிறது, பார்வை மங்குகிறது, காரணமற்ற அச்சம் பிடித்துக்கொள்கிறது. அருகிலுள்ள மருத்துவமனைக்கு ஓடுகிறீர்கள். இரத்த அழுத்தத்தின் மேல் அளவு 150 என்கிறார்கள். பதற்றம் என்று கருதி, படுத்து ஓய்வெடுக்கச் சொல்கிறார்கள். தொடையின் கீழே மடிந்து அடைபட்டுக் கிடக்கும் சிறுநீர் வடிகுழாயை ஒருவரும் பார்ப்பதில்லை.

இந்நிலைக்கு மருத்துவர்கள் வழங்கும் பெயர் ஆட்டோனமிக் டிஸ்ரிஃப்ளெக்சியா. தமிழில் இதைத் தன்னியக்க நரம்பு மிகைத்தூண்டல் எனலாம். உரிய நேரத்தில் காரணத்தை அகற்றினால் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அகற்றாவிட்டால் வலிப்பு, மூளையில் இரத்தக்கசிவு, மரணம் வரை கொண்டு செல்லக்கூடியது. இது எவ்வாறு உண்டாகிறது என்பதை இரத்த அழுத்த அளவீடுகளோடு விளக்கிக் காட்டியவர்களுள் முதன்மையானவர் மருத்துவர் லுட்விக் குட்மன். இந்நோய்க்கு எந்த மருத்துவரை நாடுவது என்ற கேள்வியோடு வருவோருக்கு அவருடைய வாழ்க்கையைச் சொல்வதில் ஒரு பயன் உண்டு. தண்டுவடக் காயத்திற்கெனத் தனியாக ஒரு மருத்துவர் தேவை என்ற எண்ணமே அவர் காலத்தில்தான் வேரூன்றியது.

இந்நிலை இப்பொழுதே ஏற்பட்டிருந்தால்

வாழ்க்கை வரலாற்றைப் பின்னர் வாசிக்கலாம். முதலில் நோயாளியை நிமிர்த்தி உட்காரவையுங்கள், கால்களைத் தொங்கவிடுங்கள். படுக்கவைக்க வேண்டாம். இடுப்புப் பட்டை, காலுறை, இறுக்கமான ஆடை, சிறுநீர் சேகரிக்கும் பையின் கால்பட்டை ஆகியவற்றைத் தளர்த்துங்கள். வடிகுழாய் மடிந்துள்ளதா, பை நிரம்பியுள்ளதா என்று பாருங்கள். அடைப்பு நீங்காவிட்டால் பயிற்சி பெற்றவர் குழாயை மாற்ற வேண்டும். குழாய் இல்லாதவர் எனில், வழக்கமான முறையில் உடனே சிறுநீரை வெளியேற்ற வேண்டும். அடிவயிற்றை அழுத்தவோ தட்டவோ கூடாது. வீட்டில் கருவி இருந்தால் சில நிமிடங்களுக்கு ஒரு முறை இரத்த அழுத்தத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். காரணம் புலப்படாவிட்டாலோ அழுத்தம் இறங்காவிட்டாலோ 108 எண்ணை அழையுங்கள். ஊர்தியில் வருவோரிடமும் நோயாளியைத் தட்டையாகக் கிடத்த வேண்டாம் என்று நீங்களே சொல்ல வேண்டியிருக்கும். படுக்கவைத்தே கொண்டு செல்வது அவர்களுடைய வழக்கம்.

ஒரு சுரங்கத் தொழிலாளியின் மரணம்

லுட்விக் குட்மன் 1899ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள், அன்றைய ஜெர்மனியின் மேல் சைலீசியப் பகுதியிலிருந்த டோஸ்ட் என்னும் சிற்றூரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். இன்று அவ்வூர் போலந்து நாட்டில் உள்ளது. அவர் சிறுவராக இருந்தபோதே குடும்பம் கோனிக்ஸ்ஹூட்டே நகருக்குக் குடிபெயர்ந்தது. அது நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த ஊர்.

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917ஆம் ஆண்டில், விபத்துக்குள்ளானவர்களுக்கான உள்ளூர் மருத்துவமனையில் குட்மன் உதவியாளராகப் பணிபுரிந்தார். முதுகெலும்பு முறிந்த சுரங்கத் தொழிலாளி ஒருவர் அங்குக் கொண்டுவரப்பட்டார். நல்ல உடற்கட்டுள்ள இளைஞர். இடுப்புக்குக் கீழே அசைவும் உணர்வும் அற்றுப்போயிருந்தன. அவரைப் பற்றிய குறிப்புகளை எழுத முற்பட்ட குட்மனிடம், அது வீண் வேலை என்றும் சில வாரங்களில் அந்த மனிதர் இறந்துவிடுவார் என்றும் சொல்லப்பட்டது. அவ்வாறே நடந்தது. முறிந்த எலும்பு அவரைக் கொல்லவில்லை. சிறுநீர்த் தொற்றும் படுக்கைப் புண்ணும் இரத்தத்தில் நஞ்சாகப் பரவியதே மரணத்திற்குக் காரணம். குட்மன் முதிய வயதிலும் இந்நிகழ்ச்சியை நினைவுகூர்ந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்காலத்தில் அவ்விளைஞரைப் பார்க்க வேண்டிய மருத்துவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். எலும்பைப் பார்ப்பவர் எலும்பைப் பார்த்தார். சிறுநீரைப் பார்ப்பவர் வேறொருவர். தோல் புண்ணைச் செவிலியர் பார்த்தனர். முழு மனிதரையும் பொறுப்பேற்றுக்கொள்ள எவரும் இல்லை. ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின்னும், ஒரு பிரிவிலிருந்து மற்றொரு பிரிவுக்குச் சீட்டோடு அலைந்துகொண்டிருக்கும் உங்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

பிரெஸ்லாவிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டுக்கு

1918இல் பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் மருத்துவக் கல்வியைத் தொடங்கிய குட்மன், 1924இல் ஃபிரைபர்க்கில் பட்டம் பெற்றார். பின்னர் பிரெஸ்லாவிற்குத் திரும்பி, நரம்பியலில் அன்று பெரும்புகழ் பெற்றிருந்த ஓட்ஃப்ரிட் ஃபோயர்ஸ்டரிடம் பயிற்சி பெற்றார். இடையே சிறிது காலம் ஹாம்பர்க்கில் பணியாற்றிவிட்டு மீண்டும் ஆசிரியரிடமே வந்து சேர்ந்தார்.

இக்காலத்தில் அவருடைய கவனத்தை ஈர்த்தவற்றுள் ஒன்று வியர்வை. கேட்பதற்கு எளிய பொருளாகத் தோன்றலாம். நம் விருப்பத்தைக் கேளாமல் உடலை நடத்திச் செல்லும் தன்னியக்க நரம்புகள் எந்த இடத்தில் அறுந்துள்ளன என்பதை வியர்வை காட்டிக்கொடுக்கும். குவினிசரின் என்னும் பொடியை உடலில் தூவி, வியர்வை படும் இடம் ஊதா நிறமாக மாறுவதைக் கொண்டு நரம்புச் சேதத்தின் எல்லையை வரையும் சோதனையை அவர் உருவாக்கினார். பிற்காலத்தில் இரத்த அழுத்தத்தின் புதிரை அவிழ்க்க உதவிய பார்வை இங்கேதான் பழகியது.

1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்தனர். யூத மருத்துவர்கள் பொது மருத்துவமனைகளிலிருந்து விலக்கப்பட்டனர். குட்மன் பிரெஸ்லாவ் யூத மருத்துவமனையில் பணியேற்று, 1937இல் அதன் மருத்துவ இயக்குநரானார். 1938 நவம்பர் 9ஆம் நாள் இரவு யூதர்களின் வழிபாட்டிடங்களும் கடைகளும் தாக்கப்பட்டபோது, மருத்துவமனைக்கு வருவோர் எவராயினும் கேள்வி கேளாமல் அனுமதிக்குமாறு ஊழியர்களுக்கு ஆணையிட்டார். மறுநாள் காவற்படையினர் வந்து ஒவ்வொரு படுக்கையாக விளக்கம் கேட்டனர். அவர் ஒவ்வொருவருக்கும் ஒரு நோயைக் கற்பித்துக் கூறினார். அவ்வாறு அடைக்கலம் புகுந்த 64 பேரில் 60 பேர் கைதாகாமல் தப்பினர்.

சில வாரங்களில், போர்ச்சுகல் நாட்டில் செல்வாக்குள்ள ஒரு நோயாளியைப் பார்த்துவர அரசே அவரை லிஸ்பனுக்கு அனுப்பியது. திரும்பும் வழியில் லண்டனில் தங்கியபோது, நாடிழந்த அறிஞர்களுக்கு உதவிய ஓர் அமைப்பின் துணையால் குடியேறும் வாய்ப்புக் கிட்டியது. 1939 மார்ச்சில் மனைவியுடனும் இரு குழந்தைகளுடனும் இங்கிலாந்தை அடைந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் நரம்புகள் மீண்டும் வளர்வது பற்றிய ஆய்வில் அமர்ந்தார். நாற்பது வயது, மருத்துவமனை ஒன்றை நடத்திய கை, இப்பொழுது நோயாளிகளைத் தம் பொறுப்பில் ஏற்க இயலாத நிலை. அவருக்கு அது எளிதாக இருந்திருக்காது.

ஸ்டோக் மாண்டவில்

ஐரோப்பாவில் நேச நாட்டுப் படைகள் இறங்கவிருந்த தருணத்தில், முதுகெலும்பில் காயமுறும் வீரர்கள் பலர் வருவார்கள் என்று பிரிட்டன் அரசு எதிர்பார்த்தது. அவர்களுக்கெனத் தனிப் பிரிவு ஒன்றை லண்டனுக்கு வடமேற்கே எயில்ஸ்பரி நகருக்கு அருகிலுள்ள ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தொடங்க முடிவு செய்தது. அதனை நடத்துமாறு 1943இல் குட்மனைக் கேட்டனர். தம்முடைய முறைப்படியே நடத்த முழு உரிமை வேண்டும் என்ற நிபந்தனையோடு அவர் ஒப்புக்கொண்டார். 1944 பிப்ரவரி 1ஆம் நாள் அப்பிரிவு ஒரே ஒரு நோயாளியுடன் திறக்கப்பட்டது.

அங்கு அவர் புகுத்திய மாற்றங்கள் எவையும் வியக்கத்தக்க கருவிகளால் ஆனவையல்ல. உடலை இறுகச் சுற்றியிருந்த மாக்கட்டுப் படுக்கைகளை அகற்றினார். படுக்கைப் புண் வராமலிருக்க ஒவ்வொரு நோயாளியையும் இரண்டு மணி நேரத்திற்கு ஒரு முறை, இரவும் பகலும், திருப்பிப் படுக்கவைத்தார். ஊழியர்கள் இதனைச் செய்கிறார்களா என்று நள்ளிரவில் அவரே வந்து பார்ப்பார். வடிகுழாயைச் செலுத்தும் பணியைக் கைபடாத தூய முறையில் மருத்துவர்களே செய்ய வேண்டும் என்றார். அது கடைநிலை ஊழியரின் வேலை என்று கருதிவந்த மருத்துவர்களுக்கு இது பிடித்திருக்க வழியில்லை. அவர் கண்டிப்பானவர், எளிதில் சினம் கொள்பவர். ஆயினும் நோயாளிகள் அவரைத் தந்தை என்னும் பொருள்பட பாப்பா என்றே அழைத்தனர்.

சிறுநீர்ப்பையை மருத்துவரே கவனிக்க வேண்டும் என்ற அந்த ஒரு பிடிவாதம்தான் பின்னர் இரத்த அழுத்தம் பற்றிய கண்டுபிடிப்புக்கும் வழி திறந்தது. குழாயைச் செலுத்தும் இடத்தில் மருத்துவர் நின்றிருந்தார். ஆகவே சிறுநீர்ப்பை நிரம்பும்போது முகத்தில் நிகழும் மாற்றத்தையும் அவர் கண்டார்.

சிறுநீர்ப்பையும் இரத்த அழுத்தமும்: 1947

இதன் ஒரு பகுதியை முன்னரே கண்டவர்கள் உண்டு. 1917இல் ஹென்றி ஹெட், ஜார்ஜ் ரிடாக் ஆகிய இரு பிரிட்டன் மருத்துவர்கள், தண்டுவடம் காயமுற்ற போர்வீரர்களுக்குச் சிறுநீர்ப்பை தூண்டப்படும்போது மிகுதியாக வியர்ப்பதை எழுதிவைத்தனர். அதே ரிடாக்தான் பின்னாளில் ஸ்டோக் மாண்டவில் பொறுப்புக்குக் குட்மனைத் தேர்ந்தவர். ஆனால் இரத்த அழுத்தம் அந்தப் பழைய ஆய்வின் மையமாக இருக்கவில்லை. வியர்வை கண்ணுக்குத் தெரிந்தது, ஆபத்து தெரியவில்லை.

குட்மன், ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த உடலியங்கியல் அறிஞர் டேவிட் விட்டரிட்ஜ் என்பவருடன் இணைந்து, சிறுநீர்ப்பை விரிவடையும்போது உடல் முழுவதும் என்ன நிகழ்கிறது என்று அளந்தார். இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, விரல்களில் இரத்த ஓட்டம், வியர்வை ஆகியன ஒருங்கே பதிவு செய்யப்பட்டன. முடிவுகள் 1947இல் பிரெயின் என்னும் மருத்துவ இதழில் வெளிவந்தன. மேல்மட்டக் காயமுற்றோருக்குச் சிறுநீர்ப்பை விரிந்தவுடன் இரத்த அழுத்தம் செங்குத்தாக உயர்ந்தது, நாடி மந்தமானது, கால் விரல்களில் இரத்த நாளங்கள் சுருங்கின, முகம் சிவந்து வியர்த்தது. கீழ்மட்டக் காயமுற்றோரிடம் இத்தகைய உயர்வு காணப்படவில்லை.

ஏன் இவ்வாறு நிகழ்கிறது என்பதை நீங்கள் அறிந்துகொண்டால், நினைவில் வைத்துக்கொள்வது எளிதாகும். சிறுநீர்ப்பை நிரம்பிய செய்தி தண்டுவடத்தின் வழியே மேலே செல்கிறது. காயமுற்ற இடத்தில் வழி அடைபட்டிருப்பதால் மூளையை எட்டுவதில்லை. ஆனால் காயத்திற்குக் கீழேயுள்ள தண்டுவடம் உயிருடன் இருக்கிறது. அது தானாகவே ஆணையிட்டு, வயிற்றிலும் கால்களிலும் உள்ள இரத்த நாளங்களைச் சுருக்கிவிடுகிறது. நாளங்கள் சுருங்கினால் அழுத்தம் ஏறும். கழுத்து நாளங்களில் உள்ள உணரிகள் இதனை மூளைக்கு அறிவிக்கின்றன. மூளை இதயத்தை மெதுவாகத் துடிக்கச் சொல்கிறது. எட்டுமிடம் வரை நாளங்களை விரிக்கிறது. அதனாலேயே முகம் சிவக்கிறது. கீழே செல்ல வேண்டிய ஆணை மட்டும் காயத்தைத் தாண்டுவதில்லை. காரணம் நீங்கும் வரை அழுத்தம் ஏறிக்கொண்டே இருக்கும். மேல் அளவு 200ஐயும் கடக்கக்கூடும்.

வயிற்றின் பெரும் இரத்த நாளங்களை ஆளும் நரம்புகள், மார்புப் பகுதித் தண்டுவடத்தின் ஆறாம் மட்டத்தை ஒட்டிக் கிளம்புகின்றன. ஆகையால் அம்மட்டத்திலோ அதற்கு மேலோ காயமுற்றோருக்கே இந்நிலை பெரும்பாலும் ஏற்படுகிறது. உங்கள் மருத்துவமனைக் குறிப்பில் டி6 என்றோ அதற்குக் குறைவான டி எண் என்றோ, அல்லது கழுத்துப் பகுதியைக் குறிக்கும் சி என்ற எழுத்துடனோ எழுதியிருந்தால் இப்பக்கம் உங்களுக்குரியது. காயமுற்ற உடனே இது தோன்றுவதில்லை. சில வாரங்களோ மாதங்களோ கழித்து, பெரும்பாலும் வீடு திரும்பிய பின்னரே முதன்முறையாகத் தலைகாட்டுகிறது.

சிறுநீர்ப்பை தவிர வேறு காரணங்களும் பின்னாளில் தெளிவாயின. மலம் இறுகிக் குடல் அடைபடுதல் அவற்றுள் முதன்மையானது. படுக்கைப் புண், சிறுநீர்த் தொற்று, சிறுநீர்ப்பைக் கல், சதைக்குள் வளர்ந்த கால் நகம், தெரியாமல் ஏற்பட்ட எலும்பு முறிவு, பிரசவ வலி ஆகியனவும் உண்டு. வலியை உணராத உடல், தன் வலியை இரத்த அழுத்தமாக வெளியிடுகிறது என்று கொள்ளலாம்.

விளையாட்டுத் திடல்

உலகம் குட்மனை அறிந்தது வேறொரு பணியால். 1948 ஜூலை 29ஆம் நாள், லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், ஸ்டோக் மாண்டவில் புல்வெளியில் சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 பேர் வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டனர். அவர்களுள் இருவர் பெண்கள். 1952இல் நெதர்லாந்து அணியும் சேர்ந்தது. 1960இல் ரோம் நகரில் 23 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 400 பேர் பங்கேற்றனர். அதுவே இன்று முதல் பாராலிம்பிக் எனக் கணக்கிடப்படுகிறது. 1966இல் அவருக்குச் சர் பட்டம் வழங்கப்பட்டது. 1973இல் தண்டுவடக் காயம் பற்றிய பெருநூலை வெளியிட்டார். 1980 மார்ச் 18ஆம் நாள் மறைந்தார்.

இங்கு ஒன்றைச் சொல்லாமல் செல்ல இயலவில்லை. அவர் தொடங்கிவைத்த போட்டிகளிலேயே, பிற்காலத்தில் சில வீரர்கள் இரத்த அழுத்தம் ஏறினால் வேகம் கூடும் என்று கருதி, வேண்டுமென்றே சிறுநீர்ப்பையை நிரப்பியோ உடலை இறுக்கிக் கட்டியோ இந்நிலையை வரவழைத்துக்கொண்டனர். உயிருக்கு ஆபத்தானது என்பதால் சர்வதேச பாராலிம்பிக் குழு இதனைத் தடை செய்துள்ளது. விளையாட்டில் ஈடுபடும் இளையோரைப் பராமரிப்பவர்கள் இதனை அறிந்திருத்தல் நலம்.

உங்களுக்குரிய மருத்துவரைக் கண்டறிதல்

இரத்த அழுத்தம் உயர்வதால் இதய நிபுணரையும், தலைவலி என்பதால் நரம்பியல் நிபுணரையும் பலர் நாடுகின்றனர். இருவரும் வேண்டாதவர்கள் அல்லர். ஆயினும் இந்நிலையின் வேர் தண்டுவடக் காயத்திலும், அதன் தூண்டுகோல் சிறுநீர்ப்பையிலோ குடலிலோ தோலிலோ இருக்கிறது. இவை அனைத்தையும் ஒரே பொறுப்பில் கவனிக்கும் துறைக்கு உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வுத் துறை என்று பெயர். மருத்துவமனைப் பலகைகளில் பி.எம்.ஆர். என்ற சுருக்கத்தையும் காணலாம். இத்துறையில் எம்.டி. பட்டம் பெற்றவர் மருத்துவரே. உடற்பயிற்சி அளிக்கும் இயன்முறை சிகிச்சையாளரும் இவரும் ஒருவரே என்று பலர் எண்ணிவிடுகின்றனர். இருவரின் பணியும் இன்றியமையாதது. ஆனால் மருந்து எழுதவும், சிறுநீர்ப்பையின் அழுத்தத்தை அளக்கும் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யவும் இத்துறை மருத்துவரையே நாட வேண்டும்.

தமிழ்நாட்டில் இத்துறைக்கு ஒரு சிறப்பான வரலாறு உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் நேர்ந்த சாலை விபத்தில் தண்டுவடம் காயமுற்று, இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தாமே சிகிச்சையும் பயிற்சியும் பெற்று, பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். அவர் தலைமையில் 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் தொடங்கப்பட்டது. 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 1986இல் மறைந்தார். ஸ்டோக் மாண்டவில் நோயாளிகளை மருத்துவர் நடத்தினார். வேலூரில் நோயாளியே மருத்துவராக நின்று நடத்தினார். சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவமனையும் இயங்கி வருகிறது.

உங்கள் மாவட்டத்தில் இத்துறை எங்குள்ளது என்பதை அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்டறியுங்கள். முதுகெலும்பு அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பப்படும் நாளிலேயே, பரிந்துரைக் கடிதம் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்வது மிகவும் பயனுள்ளது. அன்று விட்டுவிட்டால் பின்னர் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் போகும்.

முதற்சந்திப்பின்போது தயங்காமல் கேளுங்கள். தண்டுவடக் காயமுற்றோரைத் தொடர்ந்து பார்த்து வருகிறாரா? சிறுநீர்ப்பையையும் குடலையும் அவரே கவனிப்பாரா, சிறுநீர்ப்பாதை நிபுணரோடு இணைந்து கவனிப்பாரா? வடிகுழாய் மாற்றுவதையும் மலம் அகற்றுவதையும் குடும்பத்தாருக்குக் கற்றுத்தருவாரா? இரவில் அழுத்தம் ஏறினால் எந்த மருந்தை, எந்த அளவில், எப்பொழுது தரலாம் என்று எழுதித்தருவாரா? கடைசிக் கேள்விக்கு விடை பெறாமல் திரும்ப வேண்டாம். காரணத்தை நீக்கியும் மேல் அளவு 150க்குக் கீழே இறங்காதபோது விரைந்து செயல்படும் மருந்துகளை மருத்துவர்கள் தருவது வழக்கம். அவற்றுள் நைட்ரேட் வகையும் அடங்கும். ஆண்மைக் குறைபாட்டுக்கான சில்டெனாஃபில் போன்ற மாத்திரைகளை அண்மையில் உட்கொண்டவருக்கு நைட்ரேட் ஆபத்தானது. கூச்சத்தால் இதனை மறைத்துவிடாதீர்கள்.

பிற துறை மருத்துவர்களிடம் செல்லும்போதும் இந்நிலையை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். உணர்வில்லாத பகுதிதானே என்று மயக்க மருந்தின்றிச் செய்யப்படும் சிறுநீர்ப்பை உள்நோக்குச் சோதனையோ சிறு அறுவையோ இரத்த அழுத்தத்தை உயர்த்திவிடலாம். கருவுற்ற பெண்கள் மகப்பேறு மருத்துவரையும் மயக்கவியல் மருத்துவரையும் பிரசவத்திற்குப் பல மாதங்களுக்கு முன்பே சந்தித்தல் வேண்டும். முதுகில் செலுத்தப்படும் எபிடியூரல் மருந்து அவ்வேளையில் பெரிதும் உதவுகிறது.

நோயாளி நலமாக இருக்கும் நாட்களில் இரத்த அழுத்தத்தை அளந்து, ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். மேல்மட்டக் காயமுற்ற வளர்ந்தோருக்கு மேல் அளவு 90 முதல் 110 வரை இருப்பது இயல்பு. அவ்வழக்கமான அளவிலிருந்து 20 முதல் 40 வரை உயர்வதே இந்நிலையின் அறிகுறி. 150 என்பது பிறருக்குச் சற்றே கூடுதலான அளவாகத் தோன்றலாம். வழக்கமாக 95 உள்ளவருக்கு அது அவசர நிலை. அவசரப் பிரிவில் பணியிலிருக்கும் இளம் மருத்துவர் இதனை முன்பு கண்டிராதவராக இருக்கலாம். அவரோடு வாதிடுவதைவிட ஓர் அட்டையைக் கொடுப்பது விரைவில் பலனளிக்கும்.

அவ்வட்டையை உங்கள் மறுவாழ்வு மருத்துவரிடம் கையொப்பம் பெற்று, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிச் சக்கர நாற்காலியின் பையில் வைத்துக்கொள்ளுங்கள். காயத்தின் மட்டம், நோயின் பெயர், வழக்கமான இரத்த அழுத்தம், இதற்கு முன் தூண்டிய காரணங்கள், உட்கொள்ளும் மருந்துகள், ஒவ்வாமை, மருத்துவரின் தொலைபேசி எண் ஆகியவை அதில் இருக்கட்டும். நோயாளியை உட்காரவைத்தே பரிசோதிக்க வேண்டும், முதலில் சிறுநீர்ப்பையையும் பின்னர் குடலையும் பார்க்க வேண்டும் என்ற இரு வரிகளை அட்டையின் மேற்பகுதியில் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.